அடைக்கலமும் அரசும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எங்களை அழைத்தபோது மருத்துவம் பற்றிப் பேசும்படிதான் கேட்டார்கள். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், நாற்பது வயதுக்குப் பிறகு பெண்கள் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் என்று ஒரு பட்டியலும் தந்தார்கள். அதற்காக மண்டபத்துக்கு வெளியே மாமரத்தின் கீழ் ஒரு மேசை போட்டிருக்கிறோம். தேநீர் இடைவேளையில் எல்லோரும் கட்டாயம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மேடையில் தந்திருக்கும் அரைமணி நேரத்தில், 1996 பெப்ரவரியில் இதே மண்டபத்தில் மணியடித்து நிறுத்தப்பட்ட ஒரு விவாதத்தைத் தொடர விரும்புகிறோம்.

‘நாங்கள்’ என்று பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். அன்று எங்கள் அணியில் நான்கு பேர். ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி மெல்பேணில். நான்காமவள் 2000ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எறிகணை பட்டு எங்களை விட்டுப் போனாள். அந்த நால்வரின் பெயரால்தான் இங்கே நிற்கிறோம்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழும்பி நடந்தது. மழைக்குள்ளால், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, தென்மராட்சிக்குள் இலட்சக்கணக்கான சனம் வந்தது. விடிந்தபோது இந்த மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கல்லூரி கதவைத் திறந்து வரவேற்றது என்று பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். கதவைப் பூட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை என்பதும் உண்மைதான்.

சில வாரங்களில் குடும்பங்கள் உறவினர் வீடுகளுக்கும் கொட்டில்களுக்கும் மாறின. பிறகு வலிகாமத்துப் பாடசாலை ஒன்று எங்கள் கட்டடத்தில் பின்னேரப் பாடசாலையாக இயங்கத் தொடங்கியது. மதியம் வரைக்கும் நாங்கள். மதியத்துக்குப் பிறகு அவர்கள். இதில் இருந்த சச்சரவுகளை இன்று மறைக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத்துத் திறப்பு யாரிடம் இருப்பது? கிணற்றடியில் கயிறு அறுந்தது யாருடைய நேரத்தில்? உடைந்த சோதனைக் குழாய்கள் எல்லாம் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டன. மேசைக்குள் விட்டுப்போன கொப்பி காணாமல் போனால், ‘பின்னேரத்தார்’ எடுத்துவிட்டார்கள் என்போம். அது நாங்கள் வைத்த பெயர். அவர்கள் எங்களைக் ‘காலைக்காரர்’ என்று சொன்னார்கள் என்பதை வெகு காலத்துக்குப் பிறகுதான் அறிந்தோம்.

இந்தப் புகைச்சல் எங்கள் தமிழ் ரீச்சருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் ஒருவரையும் கூப்பிட்டு ஏசவில்லை. தமிழ் மன்றத்தில் இரண்டு பாடசாலைக்கும் ஒரு விவாதம் வைத்தார். தலைப்பு: ‘வீடணனுக்கு அடைக்கலம் கொடுத்தது அறமா, அரசியலா?’ சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு ‘அறம்’ விழுந்தது. பின்னேரத்தாருக்கு ‘அரசியல்’. நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம். அறத்துக்குப் பேசத்தான் பாட்டு இருக்கிறது, கைதட்டு இருக்கிறது. அரசியலுக்கு என்ன இருக்கிறது?

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை அந்தக் கடற்கரைக்குப் போய்வருவோம். கம்பனின் யுத்த காண்டத்தில் வீடணன் அடைக்கலப் படலம். அண்ணனுக்குப் புத்தி சொல்லப்போய்த் துரத்தப்பட்ட வீடணன், அனலன், அனிலன், அரன், சம்பாதி என்ற நான்கு அமைச்சரோடு கடல் கடந்து வருகிறான். வானர வீரர்கள் கொல்லப் பாய்கிறார்கள். மயிந்தன் விசாரித்துவிட்டு இராமனிடம் போய்ச் சொல்கிறான். அங்கே இராமன் உடனே ‘வரச்சொல்’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றியிருப்பவர்களைப் பார்த்து, உங்கள் கருத்து என்ன என்று கேட்கிறான்.

சுக்கிரீவன் முதலில் பேசுகிறான். போர் வரும் நேரத்தில் உடன்பிறந்த அண்ணனைக் கைவிட்டு வருகிறவன் எப்படி நல்லவனாவான் என்கிறான். சாம்பவான் வயதில் மூத்தவன், அனுபவசாலி. பகைவர் கூட்டத்தில் இருந்து வந்தவனைச் சேர்த்தால் கேடு வரும் என்பது அவன் கட்சி. நீலன் சேனாபதி. பகைவரைப் பிரிந்து வருவோரில் எவ்வகையினரை நம்பலாம் என்று நூல்வழியில் வகை பிரித்துக் காட்டி, இவன் அந்த வகைக்குள் அடங்கமாட்டான் என்கிறான். மூவரும் கெட்டவர்கள் அல்லர். மாயமானை நம்பி ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களின் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். இன்றைக்கு ஒரு நாட்டின் குடிவரவு அலுவலகத்தில் இருந்தால் இவர்கள் மூவரும் நேர்மையான அதிகாரிகள் என்று பெயர் எடுப்பார்கள்.

ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறோம். அண்ணனைப் பகைத்துக்கொண்டு வந்தவனை நம்பாதே என்று சொல்லும் சுக்கிரீவன் யார்? அண்ணன் வாலிக்குப் பயந்து ஓடி, மதங்க முனிவரின் சாபத்தால் வாலி கால்வைக்க முடியாத மலையில் ஒளிந்திருந்து, இராமனிடம் அடைக்கலம் பெற்றவன். நேற்று அடைக்கலம் பெற்றவன்தான் இன்று வாசலில் நின்று மறிக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தோழி இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பாள். 1980களில் போனவர்கள் 2010இல் கப்பலில் வந்தவர்களைப் பற்றிப் பேசியதைத் தன் காதாலேயே கேட்டதாகச் சொல்வாள்.

கடைசியில் அனுமன் பேசுகிறான். எங்களுக்கு இந்தப் படலத்தில் மிகப் பிடித்தவன் அவன்தான். அவன் அறத்தைப் பற்றி உபதேசம் செய்யவில்லை, சாட்சி சொல்கிறான். தன்னைக் கொல்ல இராவணன் கட்டளையிட்டபோது தூதனைக் கொல்லக்கூடாது என்று தடுத்தவன் வீடணன். இரவில் இலங்கையைத் தேடிக்கொண்டு போனபோது அவன் வீட்டில் கள்ளும் ஊனும் இருக்கவில்லை. அவன் மகள் திரிசடைதான் சீதைக்குத் துணையாக இருந்து ஆறுதல் சொன்னவள். நோயாளியின் கதையைப் பொறுமையாகக் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து, பிறகு கருத்துச் சொல்லும் வைத்தியரைப் போல அனுமன் பேசுகிறான். அந்தச் சபையில் அக்கரைக்குப் போய் வந்தவன் அவன் ஒருவனே. மற்ற மூவரும் ‘அரக்கர்’ என்ற சொல்லை வைத்துப் பேசினார்கள். அனுமன் ஒரு வீட்டையும் ஒரு மகளையும் வைத்துப் பேசினான்.

அதன் பிறகே இராமன் தன் முடிவைச் சொல்கிறான். வெல்லட்டும், தோற்கட்டும், வாழட்டும், சாகட்டும். அடைக்கலம் என்று வந்தவனை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அதன் சாரம். புறாவுக்காகத் தன்னைக் கொடுத்த சிபியைச் சொல்கிறான். தன் பேடையைப் பிடித்த வேடனுக்கே இரையான ஆண் புறாவைச் சொல்கிறான். முதலையின் வாயில் அகப்பட்டுக் கூப்பிட்ட யானையைச் சொல்கிறான். சீதைக்காக உயிர்விட்ட சடாயுவைச் சொல்கிறான். பிறகு, மறுத்துப் பேசிய சுக்கிரீவனையே அனுப்பி, நீயே போய் அழைத்து வா என்கிறான். அரசன் ஒருவனின் கெட்டித்தனம் இதில் இருக்கிறது. எதிர்த்தவன் கையாலேயே கதவைத் திறக்க வைத்தால், பிறகு அவன் புறுபுறுக்க முடியாது.

நாங்கள் நால்வரும் இதையெல்லாம் நன்றாகத்தான் பேசினோம். சபை கைதட்டியது. பிறகு பின்னேரத்தார் அணியின் தலைவி எழுந்தாள். மெலிந்த பிள்ளை. சீருடை யாரோ கொடுத்தது. தோளில் அளவு பெரிசு. அவள் கம்பனை மறுக்கவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

வீடணன் வெறுங்கையோடா வந்தான்? நான்கு அமைச்சர், இலங்கைக் கோட்டையின் காவல் விபரம், இராவணன் படையின் கணக்கு, எல்லாம் அவனிடம் இருந்தன. வந்த பிறகு இலங்கையின் காவலையும் படையையும் பற்றி இராமனுக்குச் சொன்னது அவன். குரங்கு வேடத்தில் புகுந்த ஒற்றர்களைக் காட்டிக்கொடுத்தது அவன். மாயாசீதையைக் கண்டு எல்லோரும் கலங்கியபோது வண்டாக உருவெடுத்துப் போய் உண்மையை அறிந்து வந்தது அவன். இப்படிப்பட்டவனுக்கு யார்தான் கதவு திறக்கமாட்டார்கள்? அந்தக் கடற்கரைக்கு வீடணனுக்குப் பதிலாக மூன்று பிள்ளைகளோடு ஓர் அரக்கிப் பெண், கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வந்து நின்றிருந்தால், சபை கூடியிருக்குமா? மயிந்தனாவது போய் விசாரித்திருப்பானா?

மண்டபம் அமைதியாகிவிட்டது. அவள் வீடணனைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. நாங்கள் பதில் சொல்ல எழுந்தபோது நேரம் முடிந்து மணியடித்தது. எழுந்தவளிடம் பதில் இருக்கவும் இல்லை. சில புள்ளிகளால் தோற்றோம். வீட்டுக்குப் போகும் வழியில் நால்வரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தோம். ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வியைக் கொண்டு திரிந்ததில் சில விடயங்கள் தட்டுப்பட்டன. அவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அவள் சொன்ன அரசியல் பொய்யில்லை. வால்மீகியைப் பார்த்தால் அது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அங்கே அனுமனே சொல்கிறான்: வாலி வீழ்ந்ததையும் சுக்கிரீவன் முடிசூடியதையும் கேள்விப்பட்டு, தனக்கும் அரசு கிடைக்கும் என்ற எண்ணத்தில் இவன் வந்திருக்கிறான், ஆகையால் ஏற்கலாம் என்கிறான். இராமனும் அரச குலங்களில் தாயாதிப் பகை எப்படி வேலை செய்யும் என்று விளக்குகிறான். அதே இராமன்தான் அதற்குப் பிறகு, ஒருமுறை வந்து ‘உன்னவன்’ என்று சொன்ன எவருக்கும் அபயம் கொடுப்பது என் விரதம், வந்தவன் இராவணனே ஆனாலும் சரி என்றும் சொல்கிறான். இரண்டும் ஒரே வாயில், ஒரே கூட்டத்தில். போர் தொடங்குவதற்கு முன்பே கடல்நீரைக் கொண்டு வீடணனுக்கு இலங்கை அரசனாக அபிடேகமும் நடக்கிறது. வேற்று மண்ணில், இன்னும் வெல்லாத நாட்டுக்கு, ஓர் அரசன். இதைவிடப் பச்சையான அரசியல் உண்டா? கம்பனில் அந்த முடிசூட்டு வேறு நிறம் எடுக்கிறது. வீடணன் பொன்முடி கேட்கவில்லை. பரதனுக்குக் கொடுத்ததுபோல் உன் பாதுகையை என் தலையில் வை என்கிறான். குகன் நான்காம் தம்பியாக, சுக்கிரீவன் அடுத்தவனாக ஆனதுபோல், நீயும் எங்களில் ஒருவன் என்று இராமன் சொல்கிறான். கம்பன் அரசியலை மறைத்தான் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சுக்கிரீவனும் சாம்பவானும் நீலனும் பேசிய பேச்சை அவன் குறைக்கவில்லையே. அவர்களை முழுதாகப் பேசவிட்ட பிறகே இராமனைப் பேசவைக்கிறான்.

அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு பதிலும் அங்கேதான் இருக்கிறது; எங்களுக்குத்தான் அப்போது தெரியவில்லை. இராமன் உதாரணம் காட்டும் வரிசையை மறுபடி பாருங்கள். புறா, யானை. ஏற்பவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத உயிர்கள். சிபிக்கு அந்தப் புறா எந்தக் கோட்டையின் இரகசியத்தையும் கொண்டுவரவில்லை. வீடணனால் என்ன பயன் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பயனில்லாதவரின் வரிசையில் இராமன் அவனை நிறுத்துகிறான். ஆனால் இந்தப் பதிலால் அவளைத் திருப்திப்படுத்தியிருக்க முடியும் என்று இன்று நாங்கள் நம்பவில்லை. புறாவுக்குக் கதை கிடைத்தது. அரக்கிப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பாள்.

எங்கள் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறோம். உள்ளகப் பயிற்சிக் காலம். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். சிறுவர் விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், சில கட்டில்களில் மூன்று. இரவுக் கடமையில் நாங்கள் இருவர். முகாமில் இருந்து ஒரு தாய் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வந்தாள். அந்த முகாமுக்கு வேறொரு வைத்தியசாலை ஒதுக்கப்பட்டிருந்தது. இங்கே கட்டில் இல்லை, காலையில் அங்கே கொண்டுபோங்கள் அம்மா என்று சொன்னோம். சொன்னது உண்மை, கட்டில் இருக்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன வேகம் இன்றும் நினைவில் இருக்கிறது. பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டோம். ஒரு சிற்றூழியர் ஐயா அந்தத் தாயை வெளியே அனுப்பாமல் நடைபாதை வாங்கில் இருத்தினார். கடைசி பஸ் போய்விட்டது, இந்தப் பிள்ளை எங்கே போகும் என்று எங்களிடம் கேட்டார். அதிகாலை மூன்று மணியளவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பத்தடி தூரத்தில் நாங்கள் இருந்ததால் பிள்ளை தப்பியது.

அந்த இரவில் நாங்கள் சாம்பவான் பக்கம். சாம்பவானும் பொய் சொல்லவில்லை. இருக்கிற கட்டிலையும் மருந்தையும் கணக்குப் பார்க்காமல் விடுதி நடத்த முடியாது. ஒரு நாட்டையும் நடத்த முடியாது. விபத்துப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது, யாரைக் காக்கவைப்பது என்று நாங்கள் ஒவ்வொரு நாளும் தரம் பிரிக்கிறோம். ஆனால் தரம் பிரிப்பதற்கு முன்னால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஐயா தொட்டுப் பார்த்திருந்தார். அனுமனைப் போல.

இரண்டாவது விடயம் வாலி. அடைக்கலம் கொடுப்பவன் என்று புகழப்படும் அதே அரசன் எதிராளியை எப்படி நடத்தினான் என்பதைப் பார்க்காமல் விவாதம் முடியாது. வாலி நெஞ்சில் அம்போடு கிடந்து, ஏன் மறைந்து நின்று எய்தாய் என்று கேட்கிறான். கம்பனில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவன் இலக்குவன். உன் தம்பி முன்னமே வந்து சரண் புகுந்துவிட்டான். நேரே வந்தால் நீயும் உயிர்மேல் ஆசை வைத்து அடைக்கலம் என்று கேட்டுவிடுவாய் என்று நினைத்துத்தான் அண்ணன் மறைந்து நின்று எய்தார் என்கிறான். பிரசங்கியார்கள் இந்த இடத்தில் இராமனின் கருணையைப் புகழ்ந்து நகர்ந்துவிடுவார்கள். நாங்கள் அப்படி நகர மாட்டோம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விரதம் ஒருவனுக்கு இருக்கிறது. அதே நேரம் இவனுக்குக் கொடுக்க முடியாத நிலை. ஆகவே கேட்கவே முடியாத தூரத்தில் வைத்து முடித்துவிடுகிறான். விரதம் கெடவில்லை. ஆள் போய்விட்டான்.

மெல்பேணில் இருக்கும் எங்கள் தோழி சட்டம் படித்தவள். இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அவள் சொன்னது: இன்றைக்கு நாடுகள் கடலில் செய்வதும் இதுதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை, உயிராபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. அதில் ஒப்பமிட்ட நாடுகள் அந்தச் சொல்லை மீறியதாகக் காட்டிக்கொள்ள விரும்புவதில்லை. ஆகவே படகு கரையைத் தொடுவதற்கு முன் நடுக்கடலிலேயே மறித்துவிடுகிறார்கள். ஹெயிட்டியில் இருந்து வந்த படகுகளை அமெரிக்கா கடலில் மறித்துத் திருப்பியபோது, 1993இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், அந்த உறுப்புரை ஆழ்கடலுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2013க்குப் பிறகு அவுஸ்திரேலியா படகுகளைத் திருப்பியதும், அவற்றில் எங்கள் சனம் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். ‘மரத்துக்குப் பின்னால் நின்று எய்யிற அம்பு’ என்றாள் அவள். இலங்கையும் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் ஒப்பமே இடவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள்.

வாலி கதையில் இராமனுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. சாகும் தறுவாயில் வாலி தன் மகன் அங்கதனை இராமனிடம் ஒப்படைக்கிறான். கொன்ற எதிராளியின் மகன்; நாளைக்குப் பழிவாங்க வளரக்கூடியவன். இராமன் தன் பொன்வாளை அவன் கையில் கொடுக்கிறான். ஆயுதத்தைக் கொடுத்து நம்புகிறான். பின்னர் அங்கதன் தூது போனபோது இராவணன் வானர அரசையே தருகிறேன் என்று ஆசைகாட்டுகிறான். அங்கதன் சிரித்துவிட்டு வருகிறான். நம்பிக்கை பலித்தது என்று சொல்லலாம். பலிக்கும் என்று வாளைக் கொடுத்த நாளில் யாருக்குத் தெரியும்?

பகைவனின் பிள்ளைகள் என்றதும் புறநானூறு நினைவுக்கு வராமல் போகாது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இட நின்றபோது கோவூர் கிழார் குறுக்கே போய்ப் பாடினார். புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் குலத்தை நினைவூட்டினார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து பார்க்கிறார்கள், பிறகு புது இடத்தைக் கண்டு மருள்கிறார்கள் என்று காட்டினார். பிள்ளைகள் தப்பினார்கள். இங்கேயும் கதவைத் திறந்தது பிள்ளைகளின் முகத்தைக் காட்டிய ஒருவர்தான்.

இன்னொரு நாடகத்தையும் சொல்ல ஆசை. பெண்கள் கல்லூரி மேடை என்பதால். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஈஸ்கிலஸ் எழுதியது. விருப்பமில்லாத திருமணத்துக்குப் பயந்து எகிப்தில் இருந்து கடல் கடந்து ஆர்கோஸ் நாட்டுக்கு ஓடிவந்த ஐம்பது சகோதரிகள்தான் அதில் பாடகர் குழு. அரசன் பெலாஸ்கஸ் நல்லவன், ஆனால் நடுங்குகிறான். ஏற்றால் போர் வரும். மறுத்தால் தெய்வக் குற்றம். ஏற்காவிட்டால் உங்கள் தெய்வச் சிலைகளிலேயே எங்கள் இடைக்கச்சையால் தூக்கிட்டுக்கொள்வோம் என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். அவன் தனியே முடிவெடுக்க மறுத்து ஊரைக் கூட்டுகிறான். ஊர் கையுயர்த்தி ஏற்கிறது. இராமனின் சபையில் இல்லாத ஒன்று இது. சண்டை வந்தால் சாகப்போகிறவர்களிடமே கேட்டுவிட்டுத்தான் கதவு திறக்கப்பட்டது. அந்த ஐம்பது பேர் கையில் எந்தக் கோட்டையின் திறப்பும் இருக்கவில்லை. எங்கள் பின்னேரத் தோழிக்கு இந்த நாடகத்தைக் கொடுத்திருந்தால் பிடித்திருக்கும்.

இனிக் கடைசி விடயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். போர் முடிந்தது. இராவணன் இறந்தான். பகை அதோடு முடிந்தது, அண்ணனுக்குக் கடன் செய் என்று இராமன் வீடணனை ஏவுகிறான். எதிராளியின் பிணத்துக்குக்கூட மரியாதை. பிறகு சீதை வருகிறாள். பகைவர் நாட்டில் இருந்து திரும்பி வரும் பெண். அவளுக்குக் கிடைத்தது கடுஞ்சொல்லும் நெருப்பும்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகைவனின் தம்பி வந்தபோது சபை கூடியது, எல்லோரும் பேசினார்கள், அனுமனின் சாட்சி போதுமாக இருந்தது, பரீட்சை வைக்கப்படவில்லை. சொந்த மனைவி வந்தபோது யாரிடமும் ஆலோசனை கேட்கப்படவில்லை. அவளுக்கும் அதே அனுமன்தான் சாட்சி. அசோகவனத்தில் அவளைக் கண்டு, அவள் இருந்த இருப்பைக் கண்ணால் பார்த்து வந்து சொன்னவன். வீடணனின் நல்லதனத்துக்கே அவள் பக்கத்தில் இருந்த திரிசடையைத்தான் அவன் சான்றாகக் காட்டினான். அந்தச் சாட்சி வீடணனுக்குப் போதும், சீதைக்குப் போதாது. உலகத்தின் வாய்க்குப் பயந்துதான் அப்படிச் செய்தான் என்று இராமனுக்காகச் சொல்வார்கள். அப்படியென்றால் வீடணன் விடயத்தில் உலகத்தின் வாய் எங்கே போயிருந்தது? இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவனைத் திட்ட ‘வீடணன்’ என்ற சொல் இருக்கிறது. களனியில் அவனுக்குத் தேவாலயமும் இருக்கிறது. அந்தப் பழியைத் தாங்க இராமன் தயாராக இருந்தான். சீதையின் பழியைத் தாங்கத் தயாராக இருக்கவில்லை.

பின்னேரத் தோழி கேட்ட அரக்கிப் பெண்ணை நாங்கள் இலங்கைக் கரையில் தேடிக்கொண்டிருந்தோம். அவள் சீதையாகவே வந்து நின்றிருக்கிறாள் என்பது விளங்க எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. போரில் இருந்து மீண்டு வந்த பெண்களைத் தொழிலில் சந்திக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. தடுப்பில் இருந்து வந்தவர்கள், முகாமில் இருந்து வந்தவர்கள். அவர்களில் சிலரிடம் ஊர் கேட்ட கேள்விகளையும், கலியாணப் பேச்சு நின்றுபோன விதத்தையும் இங்கே விபரிக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் சிலருக்கு அது தெரியும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் தென்மராட்சி எழும்பி நடந்தது. நாங்கள் அப்போது மருத்துவபீடத்தில். எங்கள் வீடுகளும் இந்தக் கட்டடமும் சிதைந்தன. எங்கள் தங்கைமார் வேறு ஊர்ப் பாடசாலைகளில் பின்னேர நேரம் படித்தார்கள். இப்போது நாங்கள் ‘பின்னேரத்தார்’. எங்கள் வீட்டுத் தங்கச்சி ஒருத்தி, மற்றவர்களின் மேசையில் இருந்து எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, மேசைக்குள் ஒரு பேனை கிடந்தால்கூட கையை இழுத்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். அப்போதுதான் 1996இல் எங்கள் கொப்பி காணாமல் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது வீட்டில், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்த நாளில் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தோம்.

அந்த அணித்தலைவி எங்கே இருக்கிறாள் என்று பல வழிகளில் தேடினோம். 1996 ஏப்ரலில் அவர்கள் வலிகாமம் திரும்பிய பிறகு தொடர்பு விட்டுப்போனது. இந்த மலர் உலகம் முழுவதும் போகிறது. அவள் கையிலோ அவளைத் தெரிந்தவர் கையிலோ கிடைத்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதும்படி கேட்கிறோம். அந்தக் கொப்பியின் கதையையும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். எண்பது தாண்டியும் அதே பார்வை. ரீச்சர், அன்றைக்கு எங்களைத் தோற்கடித்தது சரிதான். புள்ளி மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க மாட்டோம். ஆனால் மணியடித்தபோது எங்களுக்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அதை இன்று எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் கூடத்தான் எடுத்துவிட்டோம்.

மாமரத்தடி மேசையை மறக்க வேண்டாம்.